இறக்கும்போது

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. டவர் கிரேன் ஓட்டுபவர். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் கால் தரையில் படும். நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு, இரண்டு கைப்பிடிகள், ஒரு வாக்கி-டாக்கி, ஒரு தண்ணீர்க் கேன். ஒரு நாள் அவர் போனை எடுக்காததால் மனைவி ஃபோர்மேனுக்குப் போன் செய்து, "எங்க மேலிடம் இறங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் பெயர் மேலிடம். மேலிடத்து உத்தரவு, மேலிடம் இன்னிக்குக் கோபமா இருக்கு என்று கம்பி கட்டுகிறவர்கள் வரை சொல்லிச் சிரித்தார்கள். அவரும் ஆட்சேபிக்கவில்லை.

பதிலுக்கு அவர் மனைவிக்கு வைத்த பெயர் செக்கிங். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவள் பார்த்த வேலையே அதுதான். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்ப்பது, பிசிறு வெட்டுவது, தையல் விட்டிருந்தால் திருப்பி அனுப்புவது. வீட்டிலும் அதே கண். கிளம்புகிறவரைக் காலரைப் பிடித்து நிறுத்திவைத்து மேலும் கீழும் பார்ப்பாள்.

"என்னை ரிஜெக்ட் பண்ணாம விட்டியே, அதுவே பெரிசு" என்பார் அவர்.

"இத்தனை வருஷம் ஸ்டாக்குல கிடந்த சரக்கை யார் திருப்பி எடுப்பா?" என்பாள்.

வேலையில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. தூக்குவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும், இறக்குவதற்குத்தான் ஆள் வேண்டும் என்பார். கண்ணாடிப் பலகையோ கான்கிரீட் வாளியோ, தரைக்கு இன்னும் ஓர் ஆள் உயரம் இருக்கிறது என்னும்போது வேகத்தை அப்படியே குறைத்துவிடுவார். கீழே நிற்கும் சிக்னல்மேன், சாப்பாட்டு நேரத்துக்குள் வந்து சேருமா என்று வாக்கி-டாக்கியில் கேலி செய்வான். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவர் இறக்கிய எதுவும் உடைந்ததில்லை. மெதுவாக இறக்கினால் எதுவும் விழாது. அவர் வேறு எதையும் அவ்வளவு நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு வருஷம் செக்கிங் பிரிவில் பாதிப் பேருக்கு ஃப்ளூ. அவளுக்கும் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. நல்லதுதான் என்று நினைத்தார்கள். ஆனால் கையும் காலும் ஜில்லென்றே இருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. சாயங்காலம் வீட்டுக்குப் படியேறி வந்தவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊர்ல இருக்கிறதையெல்லாம் தூக்குறீங்க. என்னைத் தூக்க ஒரு கிரேன் இல்ல" என்றாள்.

அவர் அதற்குச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். அடுத்த தெரு டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ஃப்ளூ கிருமி நுரையீரலை அதிகம் தொடவில்லை. இதயத் தசையில் போய் உட்கார்ந்திருந்தது. தசை வீங்கி, இதயம் சுருங்கி விரிவது அநேகமாக நின்றுபோயிருந்தது. மருந்துக்கு மசியவில்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்கே மெஷினில் போட்டார்கள். தொடையில் செருகிய ஒரு குழாய் வழியாகக் கறுத்த ரத்தம் வெளியே வந்தது. பம்ப் அதை இழுத்து, ஆக்ஸிஜன் ஏற்றும் ஒரு பெட்டி வழியாகத் தள்ளியது. இன்னொரு குழாய் வழியாக அது சிவப்பாக உடம்புக்குள் போனது. மகள் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவள். அவள்தான் அப்பாவுக்கு இதையெல்லாம் விளக்கினாள்.

"இது இதயத்தைக் குணப்படுத்தாதுப்பா. குணமாக டைம் வாங்கிக் குடுக்குது. இதயம் தானா திரும்ப ஓட ஆரம்பிச்சாத்தான் மெஷினை எடுக்க முடியும்."

"ஆரம்பிக்கலேன்னா?"

மாற்று இதயத்துக்கு அம்மாவின் உடம்பு இப்போது தாங்காது, சிறுநீரகமும் கல்லீரலும் அடிபட்டிருக்கின்றன என்று இதய டாக்டர் சொன்னதை அவள் சொன்னாள். வேறு வழி இல்லை என்பதை அவரே புரிந்துகொண்டார். குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ரொம்ப வேகமாக ஓடுகிறதே என்றார்.

சில நாள் போனதும் இதயம் கொஞ்சம் அசைவதாகத் தெரிந்தது. மெஷினின் வேகத்தை இறக்கிப் பார்ப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். அந்த நேரம் பார்த்து வெளியே உட்கார்ந்திருந்தது மனைவியின் தங்கை. நர்ஸ் அவளிடம் வந்து, "நாளைக்குக் காலைல இறக்கும்போது குடும்பத்துல யாராவது பக்கத்துல இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

தங்கை அப்படியே அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்து, நர்ஸ் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். சரிம்மா, வந்துவிடுகிறேன் என்றார் அவர். 'இறக்கு' என்பது ஒரு நாளைக்கு நூறு தடவை அவர் காதில் விழும் வார்த்தை. அவருக்கு அதில் ஒரே அர்த்தம்தான். இவர் இவ்வளவு திடமாகப் பேசுகிறாரே என்று தங்கைக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. போனில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்தாள்.

மறுநாள் காலையில் அந்த நடைபாதையில் நிற்க இடமில்லை. இத்தனை பேர் துணைக்கு வந்திருக்கிறார்களே என்று அவருக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். பெரியம்மா முறையுள்ள ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தூரத்து மச்சான் ஒருவர், வேனுக்குச் சொல்லிவிட்டதாகவும் எத்தனை மணி ஆனாலும் நிற்கும் என்றும் காதோடு சொன்னார்.

"இன்னிக்கே எங்க விடுவாங்க மச்சான்? எப்படியும் இன்னும் பத்து நாள் ஆகும்" என்றார் இவர்.

மச்சானின் முகம் போன போக்கைப் பார்த்ததும் மகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சித்தியைத் தனியே இழுத்துப் போனாள்.

"மெஷின் வேகத்தை இறக்குறதைச் சொன்னாங்க சித்தி."

"அந்தப் பொண்ணு 'இறக்கும்போது'ன்னுதானடி சொன்னா. ஆஸ்பத்திரியில வச்சு அப்படிச் சொன்னா நான் வேற என்னன்னு எடுத்துக்குவேன்?"

செய்தி நடைபாதையில் ஒருவர் மாற்றி ஒருவராகப் பரவியது. பெரியம்மா அழுத முகத்தோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மச்சான் வேன்காரனுக்குப் போன் செய்ய வெளியே போனார். மேலிடத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். நிமிஷத்துக்கு நாலு லிட்டர் ரத்தத்திலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. ஒவ்வொரு தடவையும் டாக்டர் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவருடைய வலது கை, கிரேன் கைப்பிடியைப் பிடித்திருப்பது போல, பேன்ட் ஓரத்தில் மெல்லக் கீழே சாய்ந்துகொண்டே போனது. இரண்டுக்கும் கீழே போனதும் ரத்த அழுத்தம் சரிந்தது. டாக்டர் உதடு அசைந்தது. மெஷினைப் பழையபடி ஏற்றிவிட்டார்கள்.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் பணிவாகவே கேட்டார். "மேடம், இன்னும் கொஞ்சம் மெதுவா இறக்கியிருக்கலாமோ?"

"கூடாதுங்க. ஓட்டம் குறைஞ்சா ரத்தம் குழாய்லயே தேங்கும். தேங்கினா உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா ஆபத்து. சட்டுனு இறக்கிப் பார்த்துட்டு, தாங்கலேன்னா சட்டுனு ஏத்திடணும்."

அவர் தலையாட்டினார். ஆனால் மனசு ஒப்புக்கொள்ளவில்லை. மாடிப்படி அருகே வந்ததும் மகளிடம் சொன்னார், "அந்தம்மா லோடைப் பார்க்கல. மீட்டரைப் பார்த்துத்தான் இறக்குறாங்க."

"அப்பா, இங்க மீட்டர்தான் லோடு."



இரண்டு நாள் விட்டு மறுபடி இறக்கினார்கள். இந்தத் தடவை கட்டில் பக்கத்திலேயே உட்கார விட்டார்கள். அதே இடத்தில் அதே மாதிரி சரிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இதயத்தின் இடது அறைக்குள்ளேயே ரத்தம் தேங்கி உறையத் தொடங்கியிருந்தது. உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தைக் கூட்டினார்கள். அடுத்த நாள் அவளுடைய ஒரு கண்ணின் கருவிழி மட்டும் அகலமாக விரிந்து நின்றது. மூளைக்குள் ரத்தக்கசிவு.

டாக்டர் அவர்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். மூன்று நாற்காலி, ஒரு மேஜை, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள். ஸ்கேனில் தெரிந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இதயம்?" என்று கேட்டார் அவர்.

"இன்னும் திரும்பலைங்க. திரும்பினாலும் இனிமே அவங்க கண்ணு முழிக்க மாட்டாங்க."

மெஷினை நிறுத்துவதைத் தவிர செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவளுக்கு வலி தெரியாது, அதற்கு மருந்து போகிறது. பிறகு, முன்பு அவர் கேட்டது டாக்டருக்கு நினைவு இருந்திருக்க வேண்டும். இனி ரத்தம் உறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டியதில்லை, வேண்டுமானால் படிப்படியாக, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு இறக்கலாம் என்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்ன சொல்வார் என்று தனக்குத் தெரியும் என்றே நினைத்தாள்.

அவர் ஓரத்தில் இருந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை மேஜையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார். "வேண்டாம் மேடம். இழுத்துக்கிட்டே இருந்தா அவளுக்குப் பிடிக்காது. ஒரே தடவையா நிறுத்திடுங்க" என்றார்.

சித்தி மறுபடியும் போனை எடுக்க வேண்டியிருந்தது. மச்சான்தான் எடுத்தார். இந்தத் தடவை எந்த 'இறக்கும்போது' என்று கேட்டார். சித்தி சொன்னாள்.

உள்ளே டெக்னீஷியன் குழாய்களுக்குக் கவ்வி போட்டு பம்பை நிறுத்தினார். அத்தனை நாளாக அந்த அறையில் இருந்த சத்தம் இல்லாமல் போனது. அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். மகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் குறைந்தன, பிறகு கோடு நேரானது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

"தெரியும்மா" என்றார் அவர். கையை விடவில்லை.