ராதாமணியின் லேப்டாப்பும் என் பதினொரு நோட்டும்

ராதாமணி 1958 ஆகஸ்டு 19, செவ்வாய்க்கிழமை பிறந்தவர். முனிச்சாலையில் எங்கள் எதிர்வீடு. முப்பத்தேழு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தார். முதலில் டிரங்க் கால் இணைத்தார். அது ஒழிந்ததும் கணினியில் பில் போடக் கற்றுக்கொண்டார். கணவர் 2019இல் தவறினார். ஒரே மகள் புனேயில் இருக்கிறாள். ராதாமணிமீது எனக்குப் பொறாமை உண்டு. அதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் சௌராஷ்டிரக் குடும்பங்களில் ஒரே கோத்திரத்துக்குள் பெண் எடுப்பதில்லை. ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே வீட்டுப்பெயரும் கோத்திரமும் பார்த்துவிடுவார்கள். அதற்கு எங்கள் பகுதியில் நாற்பத்திரண்டு ஆண்டுகளாக என்னிடம்தான் வந்தார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தபோதே வீடுவீடாக விசாரித்துப் பதினொரு நோட்டு எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் குறைந்தது நான்கு ஜோடிச் செருப்பாவது கிடக்கும். வேறு மரியாதை எனக்கு ஊரில் கிடையாது.

2025 ஜூன் 14, சனிக்கிழமை, ராதாமணி காளவாசலில் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். கடைக்காரர் முகமது யாசீனுக்கு நாற்பது வயதிருக்கும்.

"அம்மா, இதுல எட்டு ஜிபி மெமரிதான் இருக்கு. மகளோட வீடியோ கால் பேசிக்கிட்டே நாலு வேலையத் தொறந்தா மூச்சு வாங்கும். இன்னொரு எட்டு போட்ரவா?"

"இப்பவே போட்ருங்க தம்பி. மறுபடி எவன் சுமந்துக்கிட்டு வாரது?"

"புதுச் சாமானை எதுக்குக் கழட்டுறீங்க? வாரண்டி போயிரும்" என்றேன் நான்.

"போகாதுய்யா. இந்தக் கம்பெனிக்கு சர்வீஸே நாங்கதான். புதுமாப்ளைக்கு இன்னொரு மோதிரம் போட்டா மாப்ள என்ன கெட்டா போயிருவாரு?"

ராதாமணி வாய்விட்டுச் சிரித்தார். என் பேச்சுக்கு அவர் அப்படிச் சிரித்ததில்லை. அடிப்பலகையில் பத்துத் திருகாணிகள். திரும்ப மாட்டும்போது எண்ணினேன். பத்தும் ஏறிவிட்டன. ஒன்று மிஞ்சியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மறுநாள் காலை 9.10க்கு வீட்டில் அதை இயக்கினார். அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் கொடுத்தார். அப்டேட் ஆக ஒரு மணி நாற்பது நிமிடம் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினார். பிறகு தமிழ் விசைப்பலகை சேர்த்தார், எழுத்தைப் பெரிதாக்கினார், கூடவே வந்திருந்த விளையாட்டுகளை நீக்கினார்.

"ஆன் பண்ண உடனே கூப்பிடாத விருந்தாளி மாதிரி எம்புட்டு வந்து நிக்குது பாருங்கண்ணே" என்று சொல்லி, தானாகத் திறப்பவற்றையும் நிறுத்தினார்.

மதியத்துக்குள் அந்த இயந்திரம் அவர் சொன்னபடி கேட்டது. எனக்கு மட்டும் அது இன்னும் நேற்று வாங்கிய புதுப்பொருளாகவே இருந்தது.

"உங்க நோட்டையெல்லாம் இதுல ஏத்திருவோமா? கரையான் வந்தா என்னண்ணே செய்வீங்க?"

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. இருபத்துமூன்று காலைகள் நான் வாசித்தேன், அவர் தட்டச்சு செய்தார். நான் பக்கம் திருப்பும் முன்பே முடித்துவிட்டுக் காத்திருப்பார்.

என் நோட்டுகளின் ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள் உண்டு. பிள்ளையில்லாத வீட்டுக்குச் சுவீகாரம், அதாவது தத்து, போனவரைப் புதுக் கோத்திரத்தில் எழுதுவேன். பிறந்த கோத்திரம் ஓரத்தில் இருக்கும். அந்தக் கோத்திரத்திலிருந்தும் அவர் வம்சத்துக்குப் பெண் எடுக்கக் கூடாது. அந்தக் குறிப்புகளை நான் வாசிக்கவில்லை. மறக்கவில்லை, வாசிக்கவில்லை.

ஆகஸ்டிலிருந்து செருப்புகள் எதிர்வாசலில் கிடந்தன.

"சார்ட்ட போனா கண்ணாடியத் தேடவே கால் மணி நேரம். இந்தம்மா பேரத் தட்டுனா வந்துருது" என்று ஒருவர் சொன்னது என் ஜன்னல்வரை கேட்டது.

நவம்பரில் எங்கள் தெருப் பெண் காவ்யஸ்ரீயின் அப்பா, மகளுக்கு வந்த வரனைப் பற்றிக் கேட்க அங்கே போனார். மாப்பிள்ளை வெங்கடேஷ்பாபு. ராதாமணி பெயரைத் தட்டிப் பார்த்து, கோத்திரம் வேறு, பேசலாம் என்று சொல்லிவிட்டார். வெங்கடேஷ்பாபுவின் அப்பா 1971இல் சுவீகாரம் போனவர். நான்காம் நோட்டு, 61ஆம் பக்கம். அவர் பிறந்த கோத்திரம்தான் காவ்யஸ்ரீயின் கோத்திரம்.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நிச்சயத்தன்று சபையில் யாராவது பெரியவர் சொல்லட்டும், அந்த லேப்டாப் எல்லார் முன்னாலும் தலைகுனியட்டும் என்று நினைத்தேன். நான்காம் நாள் காவ்யஸ்ரீயின் அப்பா தெருவில் நின்று, "பூவுக்குச் சொல்லிட்டேன் சார், நீங்க அவசியம் வரணும்" என்றார். தவறான பதிவு ஒன்று நிற்பதை அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நல்ல மனம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். ராதாமணி சிவப்பு மையைப் படித்தார். என்னைப் பார்த்தார். போனை எடுத்துக் காவ்யஸ்ரீயின் அப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"நிச்சயத்த நிறுத்துங்க. பையனோட அப்பா சுவீகாரம் போனவரு. பிறந்த கோத்திரமும் உங்க கோத்திரமும் ஒண்ணு. தப்பு என்னோடது, நான் சரியாப் பாக்கல."

காவ்யஸ்ரீயின் அப்பா, "இப்பவாச்சும் சொன்னீங்களே, அதுவே பெருசும்மா. அடுத்த எடம் வந்தாலும் உங்ககிட்டத்தான் கேப்பேன்" என்றார்.

அருகில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1998இல் நான் ஒரு வீட்டுக்குக் கோத்திரத்தைத் தவறாகச் சொன்னேன். இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

ராதாமணி லேப்டாப்பைத் திறந்து, புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். அதன் தலைப்பில் 'பிறந்த கோத்திரம்' என்று அடித்தார்.

"மத்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க. இந்தத் தடவ ஓரத்தையும் வாசிங்கண்ணே."

வாசித்தேன். மொத்தம் நூற்று முப்பத்தேழு குறிப்புகள். பிற்பகல் 1.20க்கு முடிந்தது. நோட்டுகளில் எனக்கு மட்டும் தெரிந்தது என்று இனி ஒன்றும் இல்லை.

"ஒரு நகல் எடுத்து வச்சுக்குவோம்" என்று பென்டிரைவைச் செருகினார். என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு நோட்டும் நகலாக இரண்டு வினாடிகூட ஆகவில்லை.