பயணத் திட்டத்தில் இல்லாத ஊர்

1985ஆம் ஆண்டு பிப்ரவரியில், உப்பலில் இருந்த ஓர் அரசுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவுக்கு, பியூலா என்ற பெயருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டுத் தபால் அந்தப் பிரிவுக்குப் புதிதல்ல. உதிரி பாகங்களின் விலைப்பட்டியல் வாராவாரம் வரும். பியூலாதான் உறையைப் பிரித்துக் கோப்பில் சேர்ப்பாள். இந்த உறையை மட்டும் அவள் மதியச் சாப்பாட்டு நேரம்வரை பிரிக்கவில்லை.

போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் அலுவலகம் அதை அனுப்பியிருந்தது. ஸாப்பர் ரூஃபஸ், மதராஸ் ஸாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவு, இறந்தது மார்ச் 1944, வயது 23. இத்தாலியில் கஸ்ஸினோ என்னும் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பகுதி, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்பதுவரை எழுதியிருந்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் பியூலாவுக்குத் தன் அப்பாவின் விலாசம் கிடைத்தது.

விசாரித்து எழுதியபோது, பதிலை வீட்டு முகவரிக்கு வரவழைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் அம்மா கனகமணி இருந்தாள். அம்மாவோடு கிதியோனும் இருந்தார்.

ரூஃபஸ் கப்பலேறியபோது பியூலா பிறக்கவேயில்லை. அவர் இறந்த தந்தி வந்தபோது அவளுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு செகந்திராபாத்துக்கு வந்த கனகமணி, மிஷன் பள்ளி விடுதியில் மேற்பார்வை வேலை பார்த்தாள். 1948இல், லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த கிதியோன் அவளைக் கட்டிக்கொண்டார். ஆறு வயதுப் பியூலாவை சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதும், அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்ததும், கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் அழைத்துவந்ததும் அவர்தான். அவள் அவரை அப்பா என்றே கூப்பிட்டாள். இறந்தவரைப் பற்றிப் பேச நேர்ந்தால், ரூஃபஸ் அப்பா என்பாள். ஆனால் அந்தப் பேச்சு வீட்டில் எழுந்ததேயில்லை. ராணுவ உடையில் ஒரு படம் மட்டும் கூடத்தில் தொங்கியது. கனகமணி வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைப்பாள். துடைக்கும்போதும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

கடிதம் வந்த சனிக்கிழமையே பியூலா பேகம்பேட்டில் ஒரு பயண ஏஜென்சிக்குப் போனாள். மே மாதம், இத்தாலி முழுவதும் வழிகாட்டியோடு பதினெட்டு நாள் சுற்றுலா என்று பத்திரிகையில் விளம்பரம் பார்த்திருந்தாள். ரோம், நேப்பிள்ஸ், ஃபிளாரன்ஸ், வெனிஸ். ஏஜென்சியை நடத்திய ரகுநாதன் வழுவழுப்பான தாளில் அச்சிட்ட பயணத் திட்டத்தை நீட்டினார். பியூலா அதைப் படிக்காமல் வரைபடத்தைக் கேட்டாள். தன் ஊசிமுனைப் பென்சிலால் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரு கோடு இழுத்தாள். கோட்டின் நடுவில் கஸ்ஸினோ இருந்தது.

"அஞ்சாம் நாள் பஸ் இந்த வழியாத்தானே போகுது சார்? இங்க ஒரு மணி நேரம் நிறுத்தணும்."

"அங்க பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லையேம்மா."

"எங்க அப்பா இருக்காங்க."

ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ரோமில் இருக்கும் பஸ் கம்பெனிக்கு டெலக்ஸ் அனுப்பிக் கேட்பதாகச் சொன்னார். பத்து நாளில் பதில் வந்தது: குழுவில் எல்லாருக்கும் சம்மதமென்றால் நாற்பது நிமிடம் நிறுத்தலாம்.

நான்கு இடம் பதிவுசெய்தாள். தனக்கு, கணவர் சிலாஸுக்கு, மகள் ஹெப்சிக்கு, அம்மாவுக்கு. போடுப்பலில் மனை வாங்கவென்று வைத்திருந்த சேமிப்பு அதில் போயிற்று. தார்நாகா ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் ஊதிச் செய்யும் தொழில்நுட்பராக இருந்த சிலாஸ், "மனை எங்கேயும் ஓடிப்போகாது" என்று மட்டும் சொன்னார்.

கிதியோனிடம் அவள் கேட்கவில்லை. மனைவியின் முதல் புருஷன் கல்லறைக்கு வருகிறீர்களா என்று ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் அவர் மனம் நோகும் என்று நினைத்தாள். கேட்காமல் விட்டாலும் நோகலாம் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் கையெழுத்து வாங்குவதில் கழிந்தன. குழுவில் இருபத்தாறு பேர். கொள்முதல் பிரிவில் ஒரே ஒரு கையெழுத்துக்காக ஏழு மேசை ஏறி இறங்கிப் பழகியவள் அவள். பதினெட்டு வயது ஹெப்சியை உடன் அழைத்துக்கொண்டு மாரேட்பள்ளி, மெட்டுகுடா, மல்காஜ்கிரி என்று வீடுவீடாகப் போனாள். பலர் உடனே போட்டுக்கொடுத்தார்கள். சிலர் காப்பியும் கொடுத்தார்கள். தார்நாகாவில், ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஜகதீசன் மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நேப்பிள்ஸ் பக்கத்துல எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பாம்பேய் ஊரைப் பார்க்கணும்னு இருபது வருஷமா காத்திண்டிருக்கேன். அங்கே இருக்கறதே மூணு மணி நேரம். அதுல நாற்பது நிமிஷத்தை நான் ஏம்மா விடணும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பியூலா எழுந்து வாசலுக்கு வந்தாள். கேட்டைத் திறக்கும்போது ஜகதீசனின் மனைவி ருக்மிணி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அன்னிக்கு விடிகாலையில ஒரு மணி முன்னாடி கிளம்பினா அவருக்கும் பாம்பேய்ல நேரம் குறையாதே? அப்படின்னு எழுதிக் கொண்டுவாங்கோ. நான் போட வைக்கிறேன்."

அப்படியே எழுதினாள். அடுத்த ஞாயிறு ஜகதீசனின் கையெழுத்தும் கிடைத்தது.

"மம்மி, யூ ஆர் அ டெரர்" என்றாள் ஹெப்சி, திரும்பும் பஸ்ஸில்.

அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்க வேண்டியிருந்தது. பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் பியூலா, தகப்பனாரைப் பார்க்க என்று எழுதிவிட்டாள். பர்சனல் அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். "உங்க ஃபாதர் போன மாசம் டிஸ்பென்சரியில என்கூட வரிசையில நின்னாரேம்மா?" என்றார். அவள் விளக்கினாள். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கட்டத்தைத் தானே திருத்தி எழுதிக் கையெழுத்திட்டார்.

எல்லாம் கூடிவந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள். அதுதான் அவள் செய்த தவறு. கனகமணி முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை முழுக்க வாசிக்கக் கேட்டாள். பிறகு முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் வரல."

"எம்மா, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

"யாரைக் கேட்டுட்டு பண்ணுனே? எனக்கு முடியாது. நீ போ, பிள்ளையைக் கூட்டிட்டுப் போ."

முட்டுவலியா, விமானப் பயமா என்று பியூலா துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில் கனகமணி முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லுதேன், கேட்டுக்கோ. அந்த மனுசனோட நான் இருந்தது ஏழு மாசம். இவுகளோட முப்பத்தேழு வருசம். அங்க போயி நின்னா எனக்கு அழுகை வருமா வராதானு எனக்கே தெரியல ஏட்டி. அழுதா இவுகளுக்குச் சங்கடம். அழாம நின்னா உனக்குச் சங்கடம். என்னத்துக்கு வம்பு?"

ஒரு மாதத்துக்கு மேலாக வரைபடத்தையும் கையெழுத்துகளையும் பார்த்த பியூலாவுக்கு, அம்மாவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கிதியோன் சந்தைப் பையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. பையிலிருந்த வெண்டைக்காயைக் கூடையில் கொட்டினார். அவசரப்படாமல் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த அவருடைய தமிழில் பாதி தக்கனி உருது.

"கனகம், அந்தப் படத்தை இந்த வீட்ல யார் மாட்டினது?"

கனகமணி கூடத்துச் சுவரைப் பார்த்தாள்.

"நான் மாட்டினேன். நீ டிரங்குப் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தே. நக்கோ, அப்படி வைக்கக்கூடாதுன்னு எடுத்து நான் ஆணி அடிச்சேன். அன்னிக்கு எனக்குச் சங்கடம் இல்லே. இன்னிக்கு காய்கு, எதுக்கு வரும்? அழணும்னா அழு. வரலேன்னா சும்மா நில்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

பிறகு பியூலாவைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

"என்னை நீ கேக்கவே இல்லையேம்மா."

"அப்பா, நான்..."

"அந்த ஆள் இருந்திருந்தா நீ எனக்குக் கிடைச்சிருக்க மாட்டே. அவருக்கு ஒரு சலாம் வைக்கணும்னு எனக்கு இருக்காதா?"

பியூலா அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கனகமணி முந்தானையால் உளுந்தை மூடிவிட்டு, "பிள்ளை அழுவுதாளேங்க" என்றாள். வருகிறேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் புடவையைத் தேய்த்து வைத்திருந்தாள்.

ஆனால் குழுவில் இடம் நிரம்பிவிட்டிருந்தது. ரகுநாதன் எவ்வளவோ முயன்றும் இன்னொரு சீட்டு கிடைக்கவில்லை. அந்த வாரம் சிலாஸ் வீட்டுக்கு வந்து, ஆராய்ச்சிக் கூடத்தில் மே மாதம் தணிக்கை இருப்பதாகவும் லீவு தர மறுத்துவிட்டதாகவும், தன் சீட்டை கிதியோனுக்குக் கொடுத்துவிடும்படியும் சொன்னார். அப்படி எந்தத் தணிக்கையும் இல்லை என்று பியூலா பின்னால் தெரிந்துகொண்டாள். அவரிடம் அதை அவள் கேட்கவேயில்லை. கிதியோனுக்கு ஒரு கோட் தைக்கத் துணி வாங்கி வந்தவரும் சிலாஸ்தான்.

பேகம்பேட்டிலிருந்து விமானத்தில் பம்பாய், அங்கிருந்து ரோம். ரோமின் வெயிலில் நடந்து நடந்து குழுவில் மற்றவர்கள் அசந்துபோக, மே மாதத்து ஹைதராபாத்தில் பட்டறை உலைக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் நின்ற கிதியோன் கோட்டைக் கழற்றாமலே நடந்தார். வழிகாட்டிப் பெண் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, கனகமணி ஒவ்வொரு தேவாலயத்திலும் முதலில் உட்கார இடம் பார்த்தாள். ஹெப்சி ஐஸ்கிரீமைத் தவிர வேறெதையும் முழுதாக ரசித்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் விடிவதற்குள் கிளம்பினார்கள். எட்டரைக்குக் கஸ்ஸினோ. மேலே மலையுச்சியில் பெரிய மடாலயம். கீழே வெட்டிவிட்ட புல்லில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்காமல் அவர்களுக்கு வழிவிட்டார்கள். ஹெப்சி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசைகளை எண்ணியபடி முன்னால் ஓடினாள். "மம்மி, இக்கட! இங்க!" என்று கூவினாள்.

பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. அவ்வளவுதான். பியூலா கல்லின்மேல் கையை வைத்தாள். ஈரமாக, குளிர்ந்திருந்தது. அழுகை வருமென்று எதிர்பார்த்துதான் வந்திருந்தாள், வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எழுத்துகளையே சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கிதியோன் காலணியைக் கழற்றிவிட்டு, இரு கையையும் பக்கத்தில் ஒட்டி விறைப்பாக நின்று, சலாம் வைத்தார். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாரென்று யாருக்கும் கேட்கவில்லை.

கனகமணி கல்லை ஒருமுறை பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற ஹெப்சியைப் பார்த்தாள். மீண்டும் கல்லைப் பார்த்தாள்.

"இருபத்து மூணு" என்றாள். "எனக்கு அப்போ அவுகளைப் பார்த்தா பெரிய ஆம்பளையா தெரியும். இம்புட்டுச் சின்னப் பிள்ளையா?"

புல்லில் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. அங்கே கிடப்பவன் அவளுக்கு ஒரு பேரன் வயதில் இருந்தான். "சின்னப் பிள்ளையைக் கொண்டாந்து இங்க போட்டுட்டாங்களே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கிதியோன் அவள் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்து, முதுகில் கையை வைத்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. அப்போதுதான் பியூலாவுக்கும் அழுகை வந்தது.

நாற்பது நிமிடம் ஐம்பதாயிற்று. ஹாரன் அடிக்கவில்லை யாரும்.

பஸ் நேப்பிள்ஸை நோக்கி ஓடத் தொடங்கியதும் கனகமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து முறுக்கை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தாள். பிறகு கிதியோனிடம் மெல்லச் சொன்னாள்: "அவுகளுக்கு முறுக்குன்னா உசிரு. கல்யாணமான புதுசுல ஒரு நாள் அடுக்களையில திருடித் தின்னுட்டு, பூனை மேல பழியைப் போட்டாக."

பின்சீட்டில் இருந்த பியூலா முன்னால் சாய்ந்தாள். இத்தனை வருஷத்தில் அம்மா அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லி அவள் கேட்டதில்லை.

"அடடே! உங்க மாமியார் நம்பினாங்களா?" என்றார் கிதியோன்.

"எங்க நம்புதது? வீட்டுல பூனையே கிடையாது."

கிதியோன் வாய்விட்டுச் சிரித்தார். "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காது நன்றாகக் கேட்கும்படி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கனகமணி அடுத்ததைச் சொல்லத் தொடங்கினாள்.