பிஸ்கட்டில் இல்லாத இனிப்பு

ஒரகடத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "இனிப்பு பார்க்கிற வேலை" என்று சொல்லிவிடுவேன். எங்கள் தெருவில் பாதிப் பேர், நான் ஏதோ ஸ்வீட் கம்பெனியில் ருசி பார்த்துச் சம்பளம் வாங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் இருப்பது உணவுப் பரிசோதனைக் கூடத்தில். பாக்கெட்டில் அடைத்து விற்கிற பிஸ்கட், ஜூஸ், மிட்டாய் எல்லாம் வரும். அதில் சாக்கரின் மாதிரி செயற்கை இனிப்பு கலந்திருக்கிறதா, கலந்திருந்தால் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சுற்றிலும் கார் கம்பெனி, டயர் கம்பெனி, கண்ணாடி கம்பெனி. நடுவில் நாங்கள் மட்டும் பிஸ்கட்டை அரைத்துக்கொண்டிருப்போம்.

ஆமாம், அரைப்போம். கெட்டியான பொருளை அப்படியே மெஷினுக்குக் கொடுக்க முடியாது. மிக்சியில் மாவாக்கி, திரவத்தில் கரைத்து, வடிகட்டி, துளியிலும் துளி உள்ளே விட வேண்டும். ஒவ்வொரு பொருளும் அதனதன் நேரத்துக்கு மறுமுனைக்கு வந்து சேரும். வந்தால் திரையில் ஒரு மேடு எழும்பும். வராவிட்டால் கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டே இருக்கும். மேட்டின் அளவை வைத்துத்தான் எவ்வளவு என்று கணக்குப் போடுவோம்.

அந்த வருஷம் ஆயுத பூசை லீவு முடிந்து லேப் திறந்த அன்று முதலில் வந்தது கேழ்வரகு பிஸ்கட். வல்லக்கோட்டைப் பக்கம் சின்னதாக பேக்கரி வைத்திருந்த ஒரு அக்கா கொண்டுவந்தார். அதற்கு முன் கார் பாகம் செய்கிற கம்பெனியில் பல வருஷம் உற்பத்தி லைனில் நின்றவர். அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்காரரோடு சேர்ந்து இதை ஆரம்பித்திருந்தார். பேரீச்சம்பழ இனிப்பு மட்டும்தான். 'சர்க்கரை சேர்க்கவில்லை, செயற்கை இனிப்பும் இல்லை' என்று பாக்கெட்டில் பெரிதாக அச்சடித்திருந்தார். அவர் வேலை பார்த்த அதே கம்பெனியின் கேன்டீன், சுகர் இருக்கிற ஊழியர்களுக்காக அதை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தது. லேப் ரிப்போர்ட் மட்டும் சுத்தமாக வர வேண்டும்.

"ரிப்போர்ட் வந்துட்டா பொழச்சிக்குவோம் மேடம். இல்லாட்டி நான் மறுபடி லைன்ல போய் நிக்கணும். இந்த வயசுல எவன் சேத்துப்பான்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் காலை திரையில் சாக்கரினுக்கு உரிய இடத்தில் ஜம்மென்று ஒரு மேடு நின்றது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடப்பாவமே, அந்தச் சிரிப்பு சிரித்துவிட்டு இப்படியா என்று. எதற்கும் இருக்கட்டும் என்று பிஸ்கட் கலக்காத வெறும் திரவத்தை ஓட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மெஷின் மேல் பழி போட வழியில்லை. போனை எடுத்தேன்.

"அக்கா, உங்க பிஸ்கட்ல சாக்கரின் காட்டுது. என்ன கலந்தீங்க?"

"ஐயோ, ஒண்ணுமே கலக்கலியே மேடம்! முருகன் சத்தியமா!"

"வீட்ல யாராவது டீக்கு இனிப்பு மாத்திரை போட்டுக்கறாங்களா?"

"எங்க வூட்டுக்காரர் போட்டுக்குவாரு. அந்த டப்பால நீங்க சொல்ற பேருதான் போட்டுக்கீது," என்றார். குரல் உள்ளே போய்விட்டது. "இனிப்பு பத்தல, பத்தலன்னு சொல்லிக்கினே இருந்தாரு மேடம்." அதோடு போனை வைத்துவிட்டார்.

பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மேனேஜருக்கு ஏக திருப்தி. "அவ்ளோதான் மேட்டர். வீட்டுக்காரர் கைவரிசை. ரிப்போர்ட்டப் போட்டு அனுப்பும்மா," என்றார்.

'இல்லை' என்று எழுதியிருக்கிற பொருளில் 'இருக்கிறது' என்று வந்தால், வேறு பாக்கெட்டைப் பிரித்து மறுபடி அரைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதைச் செய்யாமல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அரைத்தேன். மேடு வந்தது. ஆனால் முதல் மேட்டில் பாதிகூட இல்லை.

"கையால கலந்தா கூடக்குறையத்தான் இருக்கும். நோண்டிக்கிட்டே இருக்காதேம்மா," என்றார் மேனேஜர்.

நோண்டாமல் இருக்க என்னால் முடியாது, பிறவிக் குணம். மூன்றாவது பாக்கெட்டையும் பிரித்தேன். மேடு இன்னும் இறங்கியிருந்தது. கையால் கலந்தது ஏறும், இறங்கும். இப்படிப் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகாது. மீன் குழம்பு வைத்த சட்டியில் ஒவ்வொரு தடவை கழுவும்போதும் வாடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் இல்லையா, அப்படி இருந்தது. எதிர்க்கடைக்குப் போய்ப் பச்சரிசி வாங்கிவந்து அதே ஜாரில் அரைத்து ஓட்டினேன்.

பச்சரிசியில் சாக்கரின்!

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தப்பு பிஸ்கட்டில் இல்லை, ஜாரில் இருக்கிறது. அடியில் பிளேடைக் கழற்றினால், வாஷர் இடுக்கில் பழுப்பாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன். கல்யாண வீட்டு வாசனை. ஸ்வீட் பாக்கு! அதில் சாக்கரின் சேர்ப்பார்கள், அந்தப் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும்.

"யாருப்பா இந்த ஜார்ல பாக்கு அரைச்சது?" என்று கத்தினேன். லேபே திரும்பிப் பார்த்தது. ஒருவர் மட்டும் திரும்பவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லீவு விடுவதற்கு முன் போட்ட ஆயுத பூசையில் மெஷினிலிருந்து மிக்சி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, எல்லோருமாக இலை போட்டுச் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு மேல் பாக்கு போடாவிட்டால் மேனேஜருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அந்த வாரம்தான் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டிருந்தார்.

"கடிக்க முடியலம்மா. ஒரே ஒரு சுத்துதான் சுத்தினேன். கழுவித்தான் வச்சேன்," என்றார்.

"எப்படி சார் கழுவினீங்க?"

"பைப்புல ஒரு அலசு."

"சோப்பு?"

மிக்சிக்கு மேலே சுவரில், 'ஊழியர்கள் தாங்கள் உண்ணும் பொருளை இதில் அரைக்கக் கூடாது' என்று அவர் கையெழுத்தோடு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"ஆயுத பூசைக்கு மிக்சிக்கே தாம்பூலம் குடுத்துட்டீங்க சார்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ மட்டும் நான் சொன்னதக் கேட்டு ரிப்போர்ட்டப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வெளியே போனார். போய்ப் புது ஜார் வாங்கிக்கொண்டு வந்தார்.

புது ஜாரை நானே தேய்த்துக் கழுவினேன். முதலில் அரிசி. சுத்தம். அப்புறம் பிரிக்காத பாக்கெட்டிலிருந்து பிஸ்கட். மேனேஜரும் நானும் திரையைப் பார்த்தபடி நின்றோம். சாக்கரின் வர வேண்டிய நேரம் வந்தது, தாண்டியும் போனது. கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றுமே இல்லாத ஒரு கோட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்த அக்காவுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மறுநாள் மதியத்துக்கு மேல் அவரே வந்து நின்றார். முகமெல்லாம் வீங்கியிருந்தது. மேனேஜர் எழுந்துபோய், பாக்கு அரைத்ததிலிருந்து ஒன்று விடாமல் தன் வாயாலேயே சொன்னார். சுத்தமான ரிப்போர்ட்டை அக்கா முன்னால் மேசையில் வைத்தார். நாலு வார்த்தை திட்டப்போகிறார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நானும் நின்றேன்.

அவர் ரிப்போர்ட்டைத் தொடக்கூட இல்லை. "அப்போ எங்க வூட்டுக்காரர் ஒண்ணும் பண்ணலியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலக்கா."

"சத்தியம் பண்ணாரு மேடம். நான்தான் நம்பல. என் மூஞ்சில முழிக்காதன்னுட்டேன். நேத்துலேருந்து சோறு போடல அவருக்கு."

மாத்திரைப் பேச்சை எடுத்ததே நான்தான். அவர் திரும்பி நின்று போனைக் காதில் வைத்தார்.

"இன்னாங்க," என்றார். "சாப்டீங்களா?"

வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, இந்த அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, வந்துக்கினே இருக்கேன். வந்து சோறு ஆக்கறேன்," என்று சொல்லியபடியே வாசலைத் தாண்டிவிட்டார். ரிப்போர்ட் மேசை மேலேயே கிடந்தது. மேனேஜர்தான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.