மேலிடம் மண்ணில் இறங்கிய கதை

கட்டடம் எழும்பும் இடங்களில் கிரேன் ஓட்டுவது அவர் தொழில். உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் காலையில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் மேலிடம். "இரு, மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்று ஆளாளுக்குச் சிரிப்பார்கள்.

ஒருநாள் திடீரென்று சூறைக்காற்று கிளம்பியது. இறங்க வழியில்லாமல் கூண்டுக்குள்ளேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்று ஓய்ந்து கீழே வந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. வீட்டுக்குள் நடந்தால் தரை நழுவியது, படுத்தால் கட்டில் மிதந்தது.

"தலை சுத்துற அளவுக்குக் காதுல கோளாறு ஒண்ணும் இல்ல. போகப் போகச் சரியாயிடும். அதுவரைக்கும் மேல ஏறாதீங்க" என்றார் டாக்டர். குளியலறைக்குப் போகக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஒருநாள் காலையில் மனைவி அவரைத் தோளில் தாங்கி, குடியிருப்புக்குப் பின்னாலிருந்த புல்வெளிக்குக் கூட்டிப்போனார்.

"ஷூவைக் கழட்டுங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"நாள் முழுக்க சிமெண்டுத் தரையில நின்னு கால் மரத்துப்போகுது. தினமும் இங்க வெறுங்காலோட கொஞ்சம் நடந்துட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். சொன்னா கிண்டல் பண்ணுவீங்கன்னு சொல்லல."

அவருக்கு இது புதுச் செய்தி. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். கனத்த பூட்ஸுக்குள்ளேயே காலம் கழித்த பாதங்கள் வெளிறிக் கிடந்தன. பனி ஈரம் சுரீரென்று ஏறியது. ஒரு கல் குத்தியதும் "ஆ!" என்றார்.

"பரவாயில்லையே, உயிர் இருக்கு" என்றார் மனைவி.

குடியிருப்புக் காவலாளி பதறிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன சார், செருப்பு அறுந்துடுச்சா? என்கிட்ட பழைய ஜோடி ஒண்ணு கிடக்கு, தரட்டுமா?"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோதுதான், மனைவியின் தோளை எப்போதோ விட்டுவிட்டுத் தனியாக நின்றுகொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சில நாள் தரை ஆடியது, சில நாள் அடங்கியிருந்தது. விடாமல் நடந்தார்கள். தானாகவே சரியானதா, புல்லும் மண்ணும் கைகொடுத்தனவா, அவருக்குத் தெரியாது. டாக்டர் சம்மதித்ததும் மறுபடி கிரேனில் ஏறினார்.

இப்போது வேலை முடிந்ததும் சலவைக்கூட வாசலில் போய் நிற்கிறார். இருவரும் சேர்ந்துதான் புல்வெளிக்கு வருகிறார்கள். ஒரு மாலை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"கீழ பாத்து நடங்க, அது போதும். அங்க முள்ளு கிடக்கு."