வெல்லக் குடோனில் வைத்த சாமான்கள்

என் கணவர் வேலை பார்த்த ஓட்டலை மூடிவிட்டார்கள். கொஞ்ச மாதம் அலைந்த பிறகு சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் கேன்டீன் வேலை கிடைத்தது. நான்கைந்து ஆண்களோடு ஒரே அறையில் தங்க வேண்டும். எனக்குச் சித்தூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன் வேலை. தங்க இடம் உண்டு, ஒரு கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியும் வைக்கிற அளவுக்கு. திருப்பதி வாடகை வீட்டைக் காலி செய்துதான் ஆகவேண்டும். சாமான்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ரேணிகுண்டா ரோட்டில் இதற்கென்றே ஒரு இடம் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்து ஒருவர் வந்து அறை அறையாகப் போட்டோ எடுத்தார். மாமியார் படுக்கையில் கிடந்து இறந்துபோன மெத்தையைப் புரட்டிப் பார்த்து, கறையைக் கண்டதும் போனைத் தாழ்த்திக்கொண்டார். "இதெல்லாமும் வெக்கணுமாம்மா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாமல் துணி விரித்து மூடி வைத்திருந்த மெத்தை அது. அவர் சொன்ன மாத வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. "வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் பாகாலாவில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் சித்தூர் வெல்ல மண்டியில் பங்குதாரர். பாகாலாவில் மாடி வைத்த வீடு வாங்கியிருந்தான். புதுவீட்டில் பால் காய்ச்சியபோது நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். உறவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவன் வந்து உட்கார்ந்த பிறகுதான் பந்தி நடக்கும்.

"மாடி சும்மாத்தான் கெடக்குது. எத்தினி வருசம் வேணும்னாலும் வெச்சிக்கோ. இதுக்கு இன்னாத்துக்கு இப்படித் தயங்குற?" என்றான். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

என் கணவர் முன்னமே சத்தியவேடு போய்விட்டதால், குட்டி யானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்து போனேன். பாகாலா போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அண்ணி கேட்டைத் திறக்காமல் உள்பக்கம் நின்றாள்.

"அவுரு இல்லியே, வெளியில போயிக்கிறாரு" என்றாள்.

அண்ணனுடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. மாடியைப் பார்த்தேன். கொடியில் யாருடைய குழந்தைத் துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன.

"மாடியில யாரு அண்ணி?"

"போன வாரம் குடி வந்தாங்க." அவள் கேட் கம்பியை நகத்தால் சுரண்டினாள். "உங்க அண்ணன் உங்கிட்ட இன்னா சொல்லி வெச்சிக்கிறாரோ எனக்குத் தெரியாது. மாடி நம்மளுது இல்ல. கீழ் வூடும் வாடகைதான். ஓனர்கிட்ட கேட்டு வாங்கிடலாம்னு உங்கிட்ட சரின்னுட்டாரு. ஓனரு வேற ஆளுக்கு வுட்டுட்டாரு. அத உனக்குப் போன் போட்டுச் சொல்ல அவுருக்கு வாய் வரல."

எதிர்வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார்கள். கயிறு தளர்ந்து மெத்தை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் கரிபிடித்த குக்கர், கால் உடைந்து துணி சுற்றிய ஸ்டூல், எல்லாமே வெளிச்சத்தில் தெரிந்தன. போய் மெத்தையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, எறக்கணுமா வேணாமா? எனக்கு இன்னொரு லோடு இருக்குது" என்றார் டிரைவர்.

அப்போது அண்ணன் வெளியே வந்தான். சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறினான். "சித்தூருக்கு வுடுப்பா" என்றான். மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

மண்டியில் ஒரு கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னான். கல்லாவில் அண்ணனைவிட வயதில் மிகவும் சிறியவரான ஒருவர் இருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவர் எதிரில் கைகட்டி நின்றான் அண்ணன். அந்த நிலையில் அவனை நான் பார்த்ததே இல்லை.

"லீவுன்னு சொல்லிட்டு இப்ப எதுக்கய்யா வந்தே?" என்று தெலுங்கில் கேட்டார் அவர்.

அண்ணனும் தெலுங்கிலேயே சொன்னான். கூடப்பிறந்த தங்கச்சி என்றான். புருஷனுக்கு வேலை போய்விட்டது, வீடு வாசல் இல்லாமல் தெருவில் நிற்கிறாள், பின்பக்கக் குடோனில் ஒரு மூலை கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றான். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் நிலைமையை நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. 'டிரான்ஸ்பர்' என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முன்னால் அண்ணனும் அண்ணன் முன்னால் நானுமாக, கூசிப்போய் நின்றோம்.

"சரி, போட்டுக்கோ. சீசன்ல எடம் வேணும்னா நீதான் தூக்கி மாத்தணும்" என்றார்.

"சரிங்கய்யா" என்றான் அண்ணன். தானே மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

சாமான்கள் அங்கே ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தன. வெல்லம் வந்து குவிகிற நாட்களில் அண்ணனே அவற்றை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றி வைத்திருக்கிறான். அதை அண்ணிதான் ஒருநாள் போனில் சொன்னாள், "இடுப்பு வலிக்குதுன்னு படுத்துக்கினு கீறாரு" என்று.

என் கணவருக்குச் சித்தூரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை கிடைத்தபோது சின்னதாக ஒரு வீடு பார்த்தோம். சாமான்களைக் கொண்டுவந்து பிரித்தால் எல்லாவற்றிலும் வெல்ல வாசனை. மிக்ஸிக்குள் எறும்பு, போட்டோ பிரேமுக்குள் எறும்பு. மெத்தையை மட்டும் குடோனிலேயே போட்டுவிட்டு வந்தோம். அண்ணன் எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்துவிட்டு, பிரிஜ்ஜை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான்.

இப்போதும் மண்டி முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் காபி குடிக்க வருவான். "இன்னிக்கு மொதலாளி சீக்கிரம் வுட்டுட்டாரு" என்று சாதாரணமாகத்தான் சொல்கிறான். ஊரில் மற்றவர்கள் இன்னும் அவனைப் பங்குதாரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'மொதலாளி' என்ற சொல்லை என்னிடம் மட்டும்தான் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். என்னாலும் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். அந்த நேரம் பார்த்து நான் சர்க்கரை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.