துப்பாக்கி வாயில் என் சேலைத் துணி

எண்பதுகளோட தொடக்கம்னு நினைக்கிறேன். உத்திரமேரூர் பக்கம், சாலவாக்கத்துல இருந்து உள்ள போனா ஏரியை ஒட்டின சின்ன ஊரு எங்களுது. அந்தக் கோடையில ஏரி வத்திப்போய், கிணத்துத் தண்ணியை நம்பிக் கடலை போட்டிருந்தோம். ராத்திரி ஆனா காட்டுப்பன்னி. விடிஞ்சா மாடு, களை, அடுப்பு. நானும் என் வீட்டுக்காரரும் கண்ணை மூடித் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு எங்களுக்கே தெரியாது. இந்த லட்சணத்துலதான் மெட்ராஸ்ல இருந்து சினிமாக்காரங்க வந்து இறங்கினாங்க.

ஊரே ஏரிக்கரைக்கு ஓடிச்சு. எனக்கு மட்டும் எரிச்சல். ஏன்னா கரைக்கு முதல் வீடு எங்க வீடு. தண்ணி குடுங்கம்மா, வெந்நீர் குடுங்கம்மா, கயிறு இருக்காம்மா, ஏணி இருக்காம்மான்னு பொழுதுக்கும் ஒரு ஆள் வாசல்ல நிப்பாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வராது. குடுத்துட்டு உள்ள வந்து முணுமுணுப்பேன்.

படத்தோட கதையை என் கொழுந்தன்தான் சொன்னான். போலீசும் கோர்ட்டும் கைவிட்ட ஒரு விவசாயி, தானே துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு கெட்டவங்களை ஒவ்வொருத்தனா சுட்டுத் தள்ளறானாம். அந்தக் கெட்டவங்கள்ல ஒருத்தனா என் கொழுந்தனுக்கு வேஷம். வசனம் கிடையாது. குண்டு பட்டு ஏரிக்குள்ள உருண்டு விழணும், அவ்வளவுதான். அதுக்கே தலைகால் புரியல அவனுக்கு. அம்மா இல்லாத பையன். நான் கல்யாணமாகி வந்தப்ப அரைக்கால் சட்டையோட என் முந்தானையைப் பிடிச்சிக்கிட்டுத் திரிஞ்சவன். சோறு ஊட்டி, பேன் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு விரட்டினது எல்லாம் நான்தான். எனக்குக் குழந்தைங்க பொறந்த பிறகும் மூத்தவன் அவன்தான்னு மனசுல ஒரு கணக்கு.

அவங்க கொண்டுவந்த துப்பாக்கிப் பெட்டியை எங்க வீட்டு வாசல்லதான் திறந்தாங்க. பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எல்லாம் மரம்! மேல கறுப்புப் பெயின்ட். வெயில்ல பிடிச்சா வேர்வைக்குச் சாயம் கையில ஒட்டிக்குது. கதாநாயகன் தூக்கிக்கிட்டு ஓடவேண்டிய நீளத் துப்பாக்கி வேன்ல வந்த குலுக்கல்ல ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு. தண்ணி குடிக்க வந்த டைரக்டர் எங்க சுவத்துல மாட்டியிருந்ததைப் பார்த்துட்டார். பன்னி விரட்ட லைசென்ஸ் போட்டு வாங்கி வெச்ச நாட்டுத் துப்பாக்கி. அதை ஒரு நாளைக்குக் குடுங்கன்னு கேட்டார்.

என் வீட்டுக்காரர் முதல்ல மாட்டேன்னுட்டார். "லைசென்சு என் பேர்ல கீது. கண்டவன் கையில குட்த்துட்டு நான் கம்பி எண்ணவா?"ன்னார். கொழுந்தன் விடல. "அண்ணே, அண்ணே"ன்னு பின்னாடியே சுத்தினான். கடைசியில, "சரி, நாளைக்கிக் காலையில உள்ள கீற மருந்தைச் சுட்டுக் காலி பண்ணிட்டு நானே எட்த்தாந்து தரேன். அது வரிக்கும் யாரும் கை வைக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டார்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அது தோட்டாப் போடற துப்பாக்கி இல்ல. குழாய் வாய் வழியா வெடிமருந்தும் ஈயக் குண்டும் போட்டு, கம்பியால இடிச்சுக் கெட்டிக்கணும். கெட்டிச்சுட்டா திரும்ப எடுக்கறது பெரிய வேலை, சுட்டுத்தான் தீர்க்கணும். அதனால எங்க பக்கத்துல ஒரு வழக்கம். கெட்டிச்ச துப்பாக்கியோட வாயில ஒரு துணியை அடைச்சு வெச்சிடுவோம். ஈரமும் ஏறாது, பார்க்கறவங்களுக்கும் தெரியும். துணி இருந்தா உள்ள மருந்து இருக்கு, துணி இல்லைன்னா காலி. எங்க வீட்டுத் துப்பாக்கிக்கு என் பழைய சேலைத் துணி, பச்சையில மஞ்சக் கட்டம் போட்டது.

மறுநாள் விடியறப்ப மானாம்பதியில இருந்து சாவுச் செய்தி. வீட்டுக்காரர் போட்டது போட்டபடி கிளம்பிட்டார். "நான் வந்துதான் குடுப்பேன்னு சொல்லிடு"ன்னார். வந்து கேட்ட சினிமா ஆள்கிட்ட நானும் அப்படியே சொல்லிட்டுக் கடலை பிடுங்கப் போயிட்டேன். கதவைப் பூட்டற பழக்கம் அப்ப எங்க ஊர்ல யாருக்கு இருந்துச்சு?

உச்சி வெயில்ல, தலையில கடலைச் செடிக் கட்டோட ஏரிக்கரை வழியா திரும்பி வந்தேன். கழுத்து ஒடியற மாதிரி வலி. போய்ப் படுத்தா போதும்னு இருந்துச்சு. கரையில ஒரே கும்பல். வெயிலைத் திருப்பி அடிக்கிற தகட்டுக் காகிதம் ஒட்டின பலகையைப் பிடிச்சிக்கிட்டு நாலஞ்சு பேர் நிக்கிறாங்க. கீழ ஏரிக்குள்ள என் கொழுந்தன், ஒட்டுமீசை, சட்டையெல்லாம் சிவப்புச் சாயம். போன காட்சியில அடிபட்டானாம், முழங்கைக்குக் கீழ ஒரு கட்டு போட்டிருந்தாங்க.

அந்தக் கட்டைப் பார்த்தேன். பச்சை. மஞ்சக் கட்டம்.

சத்தியமா சொல்றேன், எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. என் சேலைத் துணியை எவன் எடுத்தான்னு. அப்புறம்தான் அது எந்தத் துணின்னு புத்தியில உறைச்சுது. நிமிர்ந்து பார்த்தா கரை மேல கதாநாயகன் கையில எங்க வீட்டுத் துப்பாக்கி. வாயில துணி இல்ல. குழாய் நேரா என் கொழுந்தன் மார்பைப் பார்க்குது.

தலையில இருந்த செடிக் கட்டு எங்க விழுந்துச்சோ தெரியல. கத்திக்கிட்டே ஏரிக்குள்ள சறுக்கி இறங்கினேன். "டேய், நவுருடா! கெட்டிச்ச துப்பாக்கிடா அது!"

எல்லாரும் சிரிச்சாங்க. சினிமாவை நிஜம்னு நினைச்சிட்டா பாருன்னு. டைரக்டர் பிலிம் வீணாப்போச்சுன்னு தலையில அடிச்சிக்கிட்டார். என் கொழுந்தனும் சிரிச்சான். "இன்னா அண்ணி நீ? வாயில துணி கீதா பாரு. காலிதான். நான் பாத்துட்டுத்தான் நிக்கிறேன்."

ஊர்க்காரங்களும் அதையேதான் சொன்னாங்க. துணி இல்லையே, காலிதானே. எங்களைக் காப்பாத்த நாங்க வெச்ச வழக்கமே அவனைக் குழாய்க்கு எதிர்ல நிறுத்தி வெச்சிருந்துச்சு.

"பாவி, உன் கையில கட்டிக்கினு கீறியே, அதுதான்டா அந்தத் துணி!"ன்னேன்.

அவன் குனிஞ்சு தன் கையைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. அந்த இடத்துலயே உட்கார்ந்துட்டான். நான் அவன் முன்னாடி போய் நின்னுட்டேன்.

எங்க சுவத்துல இருந்து துப்பாக்கியை எடுத்து வந்த சினிமா ஆள் வாதாடினார். கட்டுத் துணி தீர்ந்துபோச்சாம். துப்பாக்கி வாயில அழுக்குத் துணி அடைச்சிருந்துச்சாம், பார்க்க இயற்கையா இருக்கேன்னு அதையே கட்டிட்டாராம். "உள்ள எட்டிப் பார்த்தேங்க, இருட்டா இருந்துச்சு. ஒண்ணும் இல்லீங்க"ன்னார். குழாய்க்குள்ள இருட்டா இல்லாம விளக்கா எரியும்? புகையும் சத்தமும் வரட்டும்னு, விசையை இழுத்தா வந்து அடிக்கிற குதிரைக்கு அடியில பொட்டு வெடி மாதிரி கேப்பு வேற வெச்சிருந்தாங்க. அதுதான் உள்ள இருக்கற மருந்துக்கு நெருப்பு வைக்கும்.

பன்னி வேட்டைக்குப் போற பங்காளி ஒருத்தர் கும்பலை விலக்கிக்கிட்டு வந்து, கதாநாயகன் கையில இருந்து துப்பாக்கியை மெதுவா வாங்கினார். யாரும் இல்லாத பக்கம் திரும்பி, ஒரு பனைமரத்தைப் பார்த்து விசையை இழுத்தார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்றது! ஏரிக்குள்ள மேஞ்ச மாடெல்லாம் வாலைத் தூக்கிக்கிட்டு ஓடிச்சு. பனைமரத்துல ஆள் மார்பு உசரத்துக்குச் செதில் செதிலாப் பேர்ந்துபோச்சு. என் கொழுந்தன் அந்தக் கட்டை அவிழ்க்கப் பார்க்கிறான், முடிச்சு வரல. நான்தான் அவிழ்த்தேன்.

அன்னிக்குப் படப்பிடிப்பு அதோட சரி. கொஞ்ச நேரம் கழிச்சு கதாநாயகன் தனியா எங்க வீட்டு வாசல்ல வந்து உட்கார்ந்தார். தண்ணி குடுத்தேன், ஒரே மூச்சுல குடிச்சார். "எத்தனையோ படத்துல சுட்டிருக்கேம்மா. நிஜத் துப்பாக்கியை இன்னிக்குத்தான் முதல்ல தொட்டேன்"ன்னார். அவரைத் திட்டணும்னுதான் நினைச்சிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னொரு சொம்பு மோந்து குடுத்தேன்.

சாவு வீட்டுல இருந்து வந்த வீட்டுக்காரர் குளிச்சிட்டு எல்லாத்தையும் கேட்டார். தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சு, "சாப்புட்டியா?"ன்னு கேட்டார். சீக்கிரமே துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டார். அந்தப் போகம் பிடுங்காம கிடந்த கடலையில பாதியைப் பன்னி தின்னுச்சு. தின்னுட்டுப் போகட்டும்னு தகரத்தைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்.

உடைஞ்ச மரத் துப்பாக்கியை ஆணி அடிச்சு ஒட்டி, அந்தக் காட்சியை அவங்க வேற நாள் எடுத்தாங்க. வேற யாரையாவது போடுங்கடான்னு நான் கத்தினதை அவன் காதுல வாங்கல. படமும் உத்திரமேரூர் பக்கம் சினிமாக் கொட்டாய்க்கு வந்துச்சு. வண்டி கட்டிக்கிட்டு ஊரே போச்சு. எனக்கு வர மனசில்ல, அவன்தான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனான். கதாநாயகன் துப்பாக்கியைத் தூக்கினதும் கொட்டாய் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி விசிலு. டுமீல். அவன் ஏரிக்குள்ள உருண்டு விழுந்தான். எங்க ஊரு ஜனம், அவனைத் தூக்கி வளர்த்த ஜனம், எழுந்து நின்னு கைதட்டுச்சு. பக்கத்துல உட்கார்ந்து அவனும் கைதட்டினான். நான் அவன் கையை, அந்தக் கட்டு இருந்த இடத்துலயே, இறுக்கிப் பிடிச்சிக்கிட்டேன். படம் முடியற வரைக்கும் விடல.

இப்ப அவன் பேரன் எடுத்துட்டான். வீட்டுல டிவி ஓடும், நியாயம் கேட்டு யாரோ ஒருத்தர் சுட்டுக்கிட்டே இருப்பார், பசங்க குதிப்பாங்க. எனக்கு அதையெல்லாம் பார்க்கத் தெம்பு இல்லை. ஆனா டுமீல்னு சத்தம் கேட்டா தலை தானா திரும்பும், சுடறவரை நான் பார்க்கறதே இல்லை, விழறவன் கையில கட்டியிருக்கிறது யாரு வீட்டுத் துணின்னுதான் என் கண்ணு தேடும்.