முற்றத்தில் நின்ற பிடில்காரர்

நாங்கள் வேலை செய்யும் வீட்டில் படிகள் இரண்டு. முன்பக்கத்துச் சலவைக்கல் படி வீட்டாருக்கும் விருந்தினருக்கும். முற்றத்திலிருந்து குசினிக்கு ஏறும் ஒடுங்கிய இரும்புப் படி எங்களுக்கு. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில் இது விசித்திரமாக இருந்தது. இப்போது கால் தானாகவே பின்பக்கம் திரும்பிவிடுகிறது.

சென்ற வாரம் வீட்டு ஐயா இறந்துபோனார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய மீன்பிடி ஊரில் பிறந்து, வீட்டம்மா சிஞ்ஞோராவை மணந்து இங்கே தங்கியவர். கெல்டிக் இசை தெரியாத வீடே தன் ஊரில் இல்லை என்பார். அவர் இறந்த மறுநாள் மத்தியானம் நான் குசினியில் கோப்பி வடித்துக்கொண்டிருந்தேன். வாயிற்கதவைப் பார்த்துக்கொள்ளும் என் கணவர் தவம் ஏறி வந்தார்.

"ரெண்டு பேர் பிடிலும் குழலும் கொண்டு வந்திருக்கினம். செத்தவீட்டுக்கு வாசிக்கவாம். முத்தத்தில நிக்கச் சொல்லிட்டன்."

"மேல கூப்பிடேல்லையோ?"

"பறை அடிக்க வாறவையை ஆரும் உள்ளுக்கை விடுறவையோ? கடதாசிக் கப்பில தேத்தண்ணி குடுத்தனான்."

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் என் தகப்பன் இறந்தபோதும் பறை படலைக்கு வெளியேதான் முழங்கியது. அடித்தவர்களுக்குச் சிரட்டையில் தேநீர் போனது. யாரும் சொல்லித்தரவில்லை, கண்டு பழகினோம்.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டுடன் நரைத்த மனிதர் ஒருவர், பக்கத்தில் ஒரு இளைஞர். நரைத்தவருக்கு ஐயாவின் அதே மூக்கு, அதே நெற்றி.

"இஞ்சாருங்கோ, அது ஐயாவின்ர தமையனப்பா."

தவத்தின் முகம் வெளிறியது. இந்த நாட்டில் நாங்கள் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ அடுத்த மாதம் முடிகிறது. சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிக்கலாம். அவரோ விடிந்ததிலிருந்து, மைத்துனர் வந்துவிட்டாரா என்று கேட்டபடியே இருந்தார்.

பீங்கான் கோப்பைகளுடன் இறங்கி ஓடினோம். பிந்திவிட்டோம். சிஞ்ஞோரா பலகணியில் நின்றார்.

"ஏன் இவர்களைக் கீழே நிறுத்தினாய், தவம்?"

தவத்துக்கு முந்தித் தமையன் நிமிர்ந்து பார்த்தார்.

"பிடிலுக்குச் சுருதி சேர்க்க நானே நின்றேன்" என்றார் ஆங்கிலத்தில். பிடில் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது.

சிஞ்ஞோரா பெட்டியைப் பார்த்தார், தவத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

தமையன் குரலைத் தாழ்த்தினார். "எங்கள் ஊரில் சாவு வீட்டில் சொந்தக்காரர் நாங்களேதான் வாசிப்போம். உங்கள் ஊரில் யார்?"

தவம் அவர் கையிலிருந்த கடதாசிக் கப்பை வாங்கிக்கொண்டார்.

அவர்கள் சலவைக்கல் படியால் ஏறினார்கள். தமையன் திரும்பி எங்களையும் கையசைத்துக் கூப்பிட்டார். தவம் ஓரடி வைத்தார், பிறகு நின்றார். நாங்கள் இரும்புப் படிக்கே வந்தோம். பாதி ஏறும்போது மேலே பிடில் தொடங்கியது. கலியாணவீட்டு வேகம். தவம் கைப்பிடியைப் பிடித்தபடி, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல், அது முடியும்வரை அங்கேயே நின்றார். அந்தக் கடதாசிக் கப் அவர் கையில் நசுங்கியிருந்தது.